594, 591, 596: இம்ப்யூட் செய்த டேட்டாவில் எண்ணிக்கை ஏன் மாறுகிறது

ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் மல்டிபிள் இம்ப்யூட்டேஷன், அதாவது விடுபட்ட மதிப்புகளை ஊகித்து நிரப்பிய பல நகல்களை உருவாக்கும் வேலை, முடித்துவிட்டு லாஜிஸ்டிக் ரெக்ரஷன் ஓட்டுகிறீர்கள். அட்டவணை வரவேண்டிய இடத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நிற்கிறது: எம் 1-க்கும் எம் 2-க்கும் இடையே எஸ்டிமேஷன் சாம்பிள் மாறுகிறது. எம் என்பது நகலின் எண். முதல் இம்ப்யூட்டேஷனில் மாடலுக்குள் போன ஆட்களும் இரண்டாவதில் போன ஆட்களும் ஒரே கூட்டம் இல்லை என்று அர்த்தம். இதற்கு ஒரு கைவைத்தியம் சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. எல்லா நகல்களிலும் மாடலை ஓட்டி முடிவுகளைச் சேர்க்கும் எம்ஐ எஸ்டிமேட் கட்டளையில் ஈசாம்ப்வேரிஓகே என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் போதும். எரர் மறைந்து அட்டவணை வந்துவிடும். "சார், எரர் போயிடுச்சு" என்று கைடிடம் சொல்லிவிடலாம். அந்த ஆப்ஷனைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் அதைப் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை நம் மாவட்டத்து டேட்டாவை வைத்தே சொல்கிறேன்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பொது சுகாதாரம் படிக்கிறவர்கள் எடுக்கிற தலைப்புகளில் ஃபுளோரைடு கட்டாயம் இருக்கும். கடினப்பாறைப் பூமி, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், பிள்ளைகளின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. 2013-இல் ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியபிறகு, எந்தத் தெருவுக்கு அது ஒழுங்காக வருகிறது, எந்தத் தெரு இன்னும் போர்வெல்லை நம்புகிறது என்பது தனிக் கேள்வியாகிவிட்டது. அதனால் டேட்டா பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பள்ளிகளில் 600 பிள்ளைகள், வயது, பாலினம், உயரம், எடை, அம்மாவின் படிப்பு, வீட்டில் குடிக்கும் தண்ணீரின் மூலம், அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஃபுளோரைடு, பல்லில் ஃபுளோரைடு கறையைத் தரம்பிரிக்கும் டீன் குறியீட்டின்படி பல்லின் நிலை. இனி வரும் எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. ஃபுளோரைடு 62 பேருக்கு இல்லை, எடை 50 பேருக்கு இல்லை, இரண்டும் இல்லாதவர்கள் 10 பேர். ஆக 102 பிள்ளைகளின் வரிசையில் ஏதோ ஒரு கட்டம் காலி.

காலி இல்லாத காலி

இம்ப்யூட்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. எரர் எதுவும் வராது என்பதால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீர் சோதனை அறிக்கையில் சில வீடுகளுக்கு எண்ணுக்குப் பதில் பி.டி.எல். என்று இருக்கும். கருவியால் அளக்கமுடிகிற அளவுக்கும் கீழே என்பது அதன் பொருள். 600 பேரில் 38 பேருக்கு அப்படி என்று வையுங்கள். எக்செல்லில் அதை அப்படியே தட்டச்சு செய்தால் அந்த நெடுவரிசை முழுக்க எழுத்தாகிவிடும். ஸ்டேட்டாவில் எழுத்தை எண்ணாக்கும் டீஸ்ட்ரிங் கட்டளை "எண் அல்லாதது இருக்கிறது" என்று மறுக்கும். உடனே ஃபோர்ஸ் என்ற ஆப்ஷனைப் போட்டுக் கட்டாயப்படுத்துவார்கள். 38 பி.டி.எல்.-லும் புள்ளியாகிவிடும், அதாவது மிஸ்ஸிங். 62 காலி 100 காலியாகிறது.

அந்த 38 வீடுகளும் எப்படிப்பட்டவை? ஃபுளோரைடு மிகக் குறைவாக உள்ளவை, பெரும்பாலும் குழாய்த் தண்ணீர் குடிப்பவை. ஆய்வகம் "குறைவு" என்று தெளிவாகச் சொன்ன தகவலை நாமே அழித்துவிட்டு, பிறகு இம்ப்யூட்டேஷனிடம் "இந்த வீட்டில் எவ்வளவு இருக்கும், ஊகித்துச் சொல்" என்று கேட்கிறோம். அது மீதமுள்ள வீடுகளைப் பார்த்துத்தான் ஊகிக்கும். குறைந்த அளவுள்ள வீடுகள் பட்டியலைவிட்டே போய்விட்டதால் 0.9, 1.2 என்று நிரப்பும். அரசுத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் உச்சம் 1.5. சுத்தமான தண்ணீர் குடித்த பிள்ளைக்கு வரம்பைத் தாண்டிய தண்ணீரைக் கணினியில் ஊற்றிக்கொடுக்கிறோம். அந்தப் பிள்ளையின் பல் வெள்ளையாக இருக்கும். "1.2 இருந்தும் பாதிப்பில்லை" என்று மாடல் கற்றுக்கொள்ளும், ஃபுளோரைடின் விளைவு மங்கும்.

செய்யவேண்டியது இதுதான். பி.டி.எல்.-ஐ முதலில் தனி நெடுவரிசையில் 1, 0 என்று குறியுங்கள். அறிக்கையில் அளவெல்லை 0.1 என்றிருந்தால், மொத்தத்தில் ஆறு சதவீதம் அளவுக்கு இருக்கும் பி.டி.எல்.-களுக்கு அதில் பாதியான 0.05-ஐப் போடுவது தாங்கக்கூடிய சமரசம். பங்கு அதிகமானால் அது சரிவராது. ஸ்டேட்டாவில் இன்ட்ரெக் முறையில் இம்ப்யூட் செய்யலாம்: லாக் அளவில், மேல் எல்லை 0.1-இன் லாக், கீழ் எல்லை காலி. முழுக்க விடுபட்டவர்களுக்கு இரண்டு எல்லையும் காலி. "தெரியாது" என்பதும் "0.1-க்குக் கீழே" என்பதும் வேறுவேறு என்று மென்பொருளுக்குச் சொல்லும் வழி இது. ஆர் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: எழுத்து வகை நெடுவரிசையை, அங்கே இம்ப்யூட்டேஷன் செய்யும் மைஸ் பேக்கேஜ் இம்ப்யூட் செய்யாது. அதற்காக நிற்கவும் செய்யாது. லாகட் ஈவென்ட்ஸ் என்ற பதிவுப் பட்டியலில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

போர்வெல் ஆழத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழாய்த் தண்ணீர் மட்டும் குடிக்கிற வீட்டுக்கு போர்வெல் ஆழம் காலியாகத்தான் இருக்கும், ஏனென்றால் போர்வெல்லே இல்லை. அதை இம்ப்யூட் செய்தால் இல்லாத கிணற்றுக்கு 400 அடி ஆழம் கிடைக்கும். இந்தக் காலிகளுக்கு வெறும் புள்ளிக்குப் பதில் புள்ளி-ஏ போட்டால் ஸ்டேட்டா அதை நிரப்பாமல் விட்டுவிடும். ஆனால் அதே நெடுவரிசையை மற்றவற்றை ஊகிக்கும் காரணியாகவும் வைத்தால், அந்த வீடுகளில் மற்ற மதிப்புகளையும் நிரப்பமுடியாமல் "மிஸ்ஸிங் இம்ப்யூட்டட் வேல்யூஸ் புரொட்யூஸ்ட்" என்று நிற்கும். அங்கேயும் ஒரு ஃபோர்ஸ் ஆப்ஷன் காத்திருக்கிறது. அதைப் போடாமல், ஆழத்தை மாடலிலிருந்து எடுத்துவிட்டு நீராதாரத்தை மட்டும் வைப்பது நல்லது. இதே கணக்குதான் பழைய பதிவுகளைச் சேர்க்கும்போதும்: 2004-க்கு முந்தைய பதிவில் கிருஷ்ணகிரி மாவட்டம் காலியாக இருந்தால் அது விடுபட்டதல்ல, அப்போது அந்த மாவட்டமே தனியாக இல்லை.

லாக் எடுத்த இடத்தில்

இனி அந்தச் சிவப்பு வரிக்கு வருவோம். டேட்டா சுத்தமாகிவிட்டது, 62 பேருக்கு ஃபுளோரைடு இம்ப்யூட் செய்யவேண்டும். மாறிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து நிரப்பும் எம்ஐ இம்ப்யூட் செயின்டில் ஃபுளோரைடுக்கு ரெக்ரெஸ் என்று கொடுக்கிறார்கள், ஏனென்றால் அது தொடர் எண். பிறகு, இம்ப்யூட் ஆன மாறியிலிருந்து ஒவ்வொரு நகலிலும் புதிய மாறியைக் கணக்கிடும் எம்ஐ பேசிவ் மூலம் அதன் லாக் எடுக்கிறார்கள், ஏனென்றால் ஃபுளோரைடு வலப்பக்கம் நீண்ட பரவல்; ஆய்வு மாடலில் லாக்தான் பொருந்தும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நியாயமான முடிவு. சேர்த்துவைத்தால் உடைகிறது.

ரெக்ரெஸ் முறை ஊகமதிப்போடு நார்மல் பரவலிலிருந்து எடுத்த ஒரு சிதறலைக் கூட்டுகிறது. ஊகம் 0.4, சிதறல் மைனஸ் 0.9 என்றால் ஃபுளோரைடு மைனஸ் 0.5 ஆகிவிடும். தண்ணீரில் மைனஸ் ஃபுளோரைடு கிடையாது என்பது அதற்குத் தெரியாது. மைனஸ் எண்ணுக்கு லாக் இல்லை. ஸ்டேட்டா அங்கே மறுபடியும் மிஸ்ஸிங் வைக்கும். சிதறல் ஒவ்வொரு இம்ப்யூட்டேஷனிலும் புதிதாக எடுக்கப்படுவதால் முதல் தடவை 6 பேர் மைனஸுக்குப் போவார்கள், அடுத்ததில் 9 பேர், அதற்கடுத்ததில் 4 பேர். மாடலுக்குள் போவது 594, 591, 596. எண்ணிக்கை மாறுகிறது என்று ஸ்டேட்டா சொன்னது இதைத்தான். எம்ஐ பேசிவ் ஓடும்போதே ஒவ்வொரு எம்-க்கும் கீழே "6 மிஸ்ஸிங் வேல்யூஸ் ஜெனரேட்டட்", "9 மிஸ்ஸிங் வேல்யூஸ் ஜெனரேட்டட்" என்று வரிசையாக அச்சிட்டிருக்கும். திரை ஓடிப்போன வேகத்தில் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

இப்போது ஈசாம்ப்வேரிஓகே போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். விழுந்துபோகிற அந்த 6, 9, 4 பேர் குலுக்கலில் விழுந்தவர்கள் அல்ல. ஊகமே குறைவாக வந்தவர்கள்தான் மைனஸுக்குப் போவார்கள். அதாவது குழாய்த் தண்ணீர் வீடுகள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிற கூட்டத்தையே நுனியில் வெட்டி எறிந்துவிட்டு ஒப்பிடுகிறோம். யாரும் விடுபடக்கூடாது என்றுதான் இம்ப்யூட்டேஷனையே எடுத்தோம். அதன் முடிவில் ஒரு குறிப்பிட்ட பகுதியினர் மட்டும் விடுபடுகிறார்கள், அந்தச் செய்தியையும் நாமே வாயடைத்துவிட்டோம்.

தீர்வு சின்னதுதான். லாக்கை முதலில் எடுத்துவிட்டு, லாக்கையே இம்ப்யூட் செய்யவேண்டும். ஆய்வு மாடலில் எந்த வடிவத்தில் வருகிறதோ அந்த வடிவத்திலேயே நிரப்பினால் மைனஸ் பிரச்சினையும் இல்லை, தொடர்பும் சிதையாது. மூல அளவு வேண்டுமென்றால் பிறகு எக்ஸ்போனென்ஷியல் எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு வழி பிஎம்எம் (பிரெடிக்டிவ் மீன் மேட்சிங்). அது டேட்டாவில் உண்மையில் உள்ள வேறு பிள்ளைகளின் மதிப்பையே கடன் வாங்குவதால் மைனஸுக்கு வாய்ப்பில்லை. எத்தனை கொடையாளிகளிலிருந்து ஒருவரைத் தேர்வது என்று சொல்லும் கேஎன்என்-ஐ 5 அல்லது 10 என்று கொடுங்கள். 1 கொடுத்தால் ஒரே கொடையாளியே திரும்பத்திரும்ப வந்து வேறுபாடு குறைந்துபோகும். பி.டி.எல். வீடுகளை ஃபோர்ஸ் போட்டு அழித்திருந்தால் பிஎம்எம்-முக்கும் குறைந்த அளவுள்ள கொடையாளிகள் கிடைக்கமாட்டார்கள். முதல் தவறு இங்கேயும் வந்து கைநீட்டும்.

ஆரில் இதே தவறைச் செய்தால் வேலை நிற்காது. மைஸ் இயல்பாகவே எண்களுக்கு பிஎம்எம் பயன்படுத்துவதால் பலர் தப்பிவிடுகிறார்கள். முறையை நார்ம் (ஸ்டேட்டாவின் ரெக்ரெஸ் போன்றது) என்று மாற்றியவர்கள் மாட்டுவார்கள். மைனஸுக்கு லாக் எடுத்தால் என்-ஏ-என் என்று ஒரு எச்சரிக்கை வரும், ஜிஎல்எம் அந்த வரிசைகளைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும், பூல் எல்லாவற்றையும் சேர்த்து அழகான அட்டவணை கொடுக்கும். அதனால் பூல் செய்வதற்கு முன் அனலிசஸ் பட்டியலில் உள்ள ஒவ்வொரு மாடலிடமும் நோப்ஸ், அதாவது எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கேட்டு, எண்கள் எல்லாம் ஒன்றுதானா என்று பார்த்தே ஆகவேண்டும். ஒரே ஒரு வரிக் கட்டளை. ஸ்டேட்டா தானாகச் செய்கிற சோதனையை ஆரில் நாம் கையால் செய்கிறோம், அவ்வளவுதான்.

எரரே வராத எண்ணிக்கை

இதைவிட மோசமானது, எண்ணிக்கை எல்லா இம்ப்யூட்டேஷனிலும் ஒரே மாதிரி தவறாக இருப்பது. எடையை இம்ப்யூட் செய்தாகிவிட்டது, பிஎம்ஐ வேண்டும். வழக்கமான ஜெனரேட் கட்டளையால் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறார்கள். டேட்டா வைட் வடிவத்தில் இருந்தால் இம்ப்யூட் ஆன எடைகள் தனித்தனி நெடுவரிசைகளில் இருக்கும். ஜெனரேட் மூல எடையை மட்டும் பார்க்கும். எடை இல்லாத 50 பேருக்கு பிஎம்ஐ-யும் இல்லை, எல்லா இம்ப்யூட்டேஷனிலும் இல்லை. எண்ணிக்கை எங்கேயும் மாறாததால் ஸ்டேட்டாவுக்குப் புகாரில்லை. 550 என்று நேர்த்தியாக அச்சாகும். நகல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் ஃப்ளாங் வடிவத்தில் ஜெனரேட் சரியாகவே கணக்கிடும், ஆனால் பிறகு அந்த பிஎம்ஐ-யை ரெகுலர், அதாவது நகலுக்கு நகல் மாறாத மாறி என்று பதிவுசெய்தால் எம்ஐ அப்டேட் மூல டேட்டாவின் காலியையே எல்லா நகலிலும் ஒட்டிவிடும். இதற்கு எம்ஐ பேசிவ்தான் பாதுகாப்பான வழி. செய்தபிறகு, ஒரு கட்டளையை ஒவ்வொரு நகலிலும் ஓட்டும் எம்ஐ எக்ஸ்ஈக்யூ மூலம் ஒவ்வொரு எம்-மிலும் பிஎம்ஐ எத்தனை பேருக்குக் காலி என்று எண்ணுங்கள். மூலத்தில் 50, மற்ற எல்லாவற்றிலும் 0 என்று வரவேண்டும். ஆரில் கம்ப்ளீட்டை லாங் என்று கொடுத்து நீள டேட்டாவாக எடுக்கும்போது இன்க்ளூட் ட்ரூ என்பதை மறந்தால் மூல டேட்டா வராது, அதை மறுபடி மைஸ் வடிவத்துக்கு மாற்றும் ஆஸ் மிட்ஸ் திரும்பச் சேர்க்க மறுக்கும். டைடிஆர் பேக்கேஜிலும் கம்ப்ளீட் என்றே ஒரு ஃபங்ஷன் இருப்பதால், அதைப் பின்னால் ஏற்றினால் அது குறுக்கே வரும். மைஸின் கம்ப்ளீட் என்று பேக்கேஜ் பெயரோடு சேர்த்து அழையுங்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் எண்ணிக்கை மேலே போகும். ஐந்து இம்ப்யூட்டேஷனும் மூலமும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும், ஆறு அறுநூறு 3600 வரிசை. இம்ப்யூட்டேஷன் எண்ணை வைத்து ஸ்ப்ளிட் ஃபைல் போட்டிருந்தால்தான் பூல்ட் என்ற, எல்லா நகல்களையும் சேர்த்த முடிவின் வரி வரும். யாராவது இடையில் ஸ்ப்ளிட்டை அணைத்திருந்தால் 3600 வரிசையும் ஒரே ஆய்வாகப் போய்விடும். அட்டவணையின் மேலே 600 பேரைவிட அதிகமாக ஒரு என் தெரிந்தால் வேறெதையும் படிக்காமல் நிறுத்திவிடுங்கள். பூல்ட் வரி எல்லாக் கட்டளைக்கும் வராது. கை-ஸ்கொயருக்கும் அனோவாவின் எஃப்-புக்கும் தேடிப் பயனில்லை. ஐந்து பி மதிப்புகளைச் சராசரி எடுத்துப் போடுவதும் தவறு. கேள்வியை ரெக்ரஷனாக மாற்றிக் கேளுங்கள்.

அட்டவணையை நம்புவதற்கு முன் ஒரு குணகத்தையாவது கையால் போட்டுப் பார்க்கச் சொல்வேன். டொனால்ட் ரூபின் 1987-இல் வகுத்த விதிக்கு ஒரு கால்குலேட்டர் போதும். ஐந்து இம்ப்யூட்டேஷனில் ஃபுளோரைடின் குணகம் 0.62, 0.71, 0.55, 0.80, 0.67 என்றும், ஒவ்வொன்றின் திட்டப்பிழை 0.20 என்றும் வையுங்கள். சராசரி 0.67. உள்மாறுபாடு 0.20-இன் வர்க்கம், 0.04. ஐந்து குணகங்களுக்கு இடையேயான மாறுபாடு 0.00885, அதை 1.2-ஆல், அதாவது ஒன்றுடன் ஐந்தில் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 0.0106. இரண்டையும் கூட்டினால் 0.0506, வர்க்கமூலம் 0.225. இதுதான் சரியான திட்டப்பிழை. ஐந்தையும் அடுக்கி ஒரே டேட்டாவாக ஓட்டியிருந்தால் 0.20-ஐ ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தமாதிரி 0.09 வாக்கில் வரும், இல்லாத உறுதி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே ஒரு இம்ப்யூட்டேஷனை மட்டும் எடுத்திருந்தால் 0.20. உங்கள் அட்டவணையில் உள்ளது இந்த மூன்றில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே மென்பொருள் என்ன செய்தது என்று தெரிந்துவிடும். ஆட்ஸ் விகிதம் வேண்டுமென்றால் 0.67-ஐக் கடைசியில் மாற்றுங்கள், 1.95 வரும். ஐந்து விகிதங்களைச் சராசரி எடுத்தாலும் 1.96 என்று ஏறக்குறைய அதே எண்தான் வரும். ஆனால் சேர்ப்பதும் நம்பக எல்லை போடுவதும் லாக் அளவில்தான் நடக்கவேண்டும்.

ஈசாம்ப்வேரிஓகே எப்போது நியாயம்

ஒரு இடத்தில் நியாயம். மெலிந்த பிள்ளைகளிடம் மட்டும் ஆய்வு என்று வைத்து, மெலிவை இம்ப்யூட் ஆன பிஎம்ஐ-யிலிருந்து முடிவுசெய்தால், ஒரு நகலில் 214 பேர், இன்னொன்றில் 221 பேர் என்று வரத்தான் செய்யும். எடையே தெரியாத பிள்ளை மெலிந்ததா என்பதும் தெரியாது. அந்த ஐயம் எண்ணிக்கையில் தெரிகிறது. இங்கே எண்ணிக்கை மாறுவது பிழையில்லை. அப்படி இருந்தும் முடிந்தால் 600 பேரையும் மாடலில் வைத்து, மெலிவுக்கும் ஃபுளோரைடுக்கும் இன்டராக்‌ஷன் போட்டு, அந்த இன்டராக்‌ஷனை இம்ப்யூட்டேஷன் மாடலிலும் சேர்ப்பதையே விரும்புவேன். வடிகட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஆப்ஷனைப் போடலாம், ஆனால் முதலில், ஒவ்வொரு நகலின் முடிவையும் காட்டும் நாய்ஸிலி ஆப்ஷனோடு ஓட்டி ஒவ்வொரு நகலின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, எண்ணிக்கை மாறுவதற்கு வடிகட்டல் மட்டுமே காரணம் என்று உறுதிசெய்துகொண்ட பிறகு. கட்டுரையில் "214 முதல் 221 வரை" என்று எழுதவும் வேண்டும்.

இந்த எரருக்குத் தம்பி ஒருவன் உண்டு: ஒமிட்டட் டெர்ம்ஸ் வேரி, அதாவது மாடலிலிருந்து விழும் வகைகள் நகலுக்கு நகல் மாறுகின்றன. டீன் குறியீட்டில் கடுமையான நிலையில் நாலைந்து பிள்ளைகள்தான் இருப்பார்கள், சில நகல்களில் ஏதோ ஒரு வகை மாடலிலிருந்து விழுந்துவிடும். அந்த வகைகளை இம்ப்யூட்டேஷனுக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். செயின்டில் ஏதோ ஒரு காரணி ஆம், இல்லை இரண்டையும் கச்சிதமாகப் பிரித்துவிடுவதால் லாஜிட் முறை நின்றுவிட்டால் ஆக்மென்ட் ஆப்ஷனைப் போடலாம். அது எதையும் மறைக்கிற ஆப்ஷன் இல்லை.

எத்தனை இம்ப்யூட்டேஷன் என்பதற்கு வைட், ராய்ஸ்டன், வுட் 2011-இல் சொன்ன எளிய வழி கையில் இருக்கட்டும்: காலி உள்ள வரிசைகளின் சதவீதம் எவ்வளவோ குறைந்தது அத்தனை. 600-இல் 102 என்றால் 17, ஆகவே 20 வையுங்கள். மைஸின் இயல்பான 5 இங்கே போதாது. பல்லின் நிலை, அதாவது விளைவு மாறி, இம்ப்யூட்டேஷன் மாடலில் கட்டாயம் இருக்கவேண்டும். அது ஏமாற்று வேலை என்று நினைத்து விடுகிறவர்கள் ஃபுளோரைடுக்கும் பல்லுக்கும் உள்ள உறவைத் தாங்களே மழுக்குகிறார்கள்.

குலுக்கல் எண்களைத் தொடங்கிவைக்கும் சீட் (seed) எண் கொடுத்தும் மறுநாள் வேறு முடிவு வருகிறது என்றால் வரிசைமுறையைப் பாருங்கள். ஸ்டேட்டாவில் சீட் ஒன்றாக இருந்தாலும் பிள்ளைகள் அடுக்கப்பட்ட வரிசை மாறினால் ஒவ்வொருவருக்கும் விழும் சிதறலும் மாறிவிடும். பள்ளிக் குறியீட்டை வைத்து மட்டும் சார்ட் செய்தால் ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி அடுக்கப்படுவார்கள். பள்ளி, பிறகு பிள்ளையின் தனி எண் என்று இரண்டையும் வைத்து சார்ட் செய்து, அந்த வரியை டூ-ஃபைலில் (கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பில்) எம்ஐ செட் கட்டளைக்கு மேலேயே எழுதிவிடுங்கள்.